வவுச்சர் இல்லாத ரயில்

பி.காம் படிக்கிற எல்லோருக்கும் ஆடிட்டிங் வகுப்பில் முதல் வாரத்திலேயே ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வவுச்சர் இல்லையா, என்ட்ரி இல்லை. குடித்த டீக்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு இருந்தால்தான் அது செலவு. சீட்டு இல்லாவிட்டால் அந்த டீ குடிக்கப்படவே இல்லை :-)

இந்த மந்திரத்தை நம்பித்தான் போன செமஸ்டரில் ஒரு செமினார் எடுத்தேன். அதில் பெரிய தப்பு ஒன்று செய்தேன். மார்க் குறையவில்லை, நல்ல மார்க்தான் வந்தது. அதுதான் பிரச்சினையே. அந்தத் தப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள், வவுச்சர் கேட்க மாட்டேன்.

ஃபைனான்ஷியல் மேனேஜ்மெண்ட் பேப்பருக்காக ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார்கள். எனக்கு வந்தது 'பயன்படாத கொள்திறன்'. அதாவது நாளைக்கு நூறு சட்டை தைக்கிற மிஷினை வாங்கிப்போட்டுப் பத்துச் சட்டை மட்டும் தைத்தால், மீதித் தொண்ணூறு சட்டைக்கான காசு சும்மா தூங்குகிறது என்று அர்த்தம். எல்லோரும் நூற்பாலை, சர்க்கரை ஆலை என்று போவார்கள், நாம் கொஞ்சம் வித்தியாசமாகப் பண்ணலாமே என்று தேடியபோது கையில் மாட்டியது ஜப்பானின் ஒசாகா நகரத்துச் சுரங்க ரயில் நிலையம் ஒன்று. பெயர் ஷின்சாய்பாஷி.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒசாகா போனதில்லை. பாஸ்போர்ட்டே இல்லை. புத்தகத்திலும் படங்களிலும் வீடியோக்களிலும் பார்த்ததுதான்.)

1933 மே 20 அன்று ஒசாகாவின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. உமேதாவில் கிளம்பி ஷின்சாய்பாஷியில் முடியும். நாலே நிலையம், மொத்தம் 3.1 கிலோமீட்டர். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் டிக்கெட் 10 சென். சரி, அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டிகளையும் தெருவில் மாடு கட்டி இழுத்துவந்துதான் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். மின்சாரத்தில் ஓடப்போகிற ரயிலை மாடு இழுத்துப் போகிற காட்சியை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

அந்த ஒற்றைப் பெட்டி வந்து நின்ற பிளாட்பாரம் எவ்வளவு நீளம் என்றால், பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக நிற்கலாம். மேலே தட்டையான தளம் கிடையாது. பெரிய கல்யாண மண்டபம் மாதிரி உயரமாக வளைந்துபோகும் கூரை. நடுவில் மறைக்கத் தூண்கள் இல்லை. கூரையிலிருந்து அலங்கார விளக்குகள் சரம் சரமாகத் தொங்கும். மண்ணுக்கு அடியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

என் ஸ்லைடில் இதை ஒரு டேபிளாகப் போட்டேன். பிளாட்பாரம் தாங்குவது 10 பெட்டி. ஓடுவது 1 பெட்டி. பயன்பாடு 10 சதவீதம், தூக்கம் 90 சதவீதம். கடைசிக் கட்டத்தில் 'பிற சமூகப் பயன்' என்று ஒரு தலைப்பு கொடுத்து, அதற்கு நேரே 0 என்று எழுதினேன். ஏன் பூஜ்யம் என்றால், என்னிடம் தரவு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

"முடிவு என்ன?" என்றார் சார்.

"புராஜெக்ட் ரிஜெக்ட் சார்."

"வெரிகுட்." கைதட்டினார்கள். உட்காரப்போகும்போது கடைசி பெஞ்சிலிருந்து நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், அப்புறம் அந்த ஸ்டேஷன் என்னாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. 1933-க்கு மேல் நான் படிக்கவே இல்லை. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. பரீட்சை முடிந்த லீவில் மறுபடி படிக்க உட்கார்ந்தேன்.

முதல் அதிர்ச்சி, அதைக் கட்டின ஆள் நம்ம ஆள்! அதாவது காமர்ஸ் ஆள்.

பெயர் செகி ஹாஜிமே. 1873-ல் பிறந்தவர். டோக்கியோவின் உயர் வணிகப் பள்ளியில் (இன்றைய ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம்) பேராசிரியராக இருந்தவர். பெல்ஜியம் போய்ப் படித்துவிட்டு வந்து போக்குவரத்தும் பொருளாதாரமும் சொல்லிக்கொடுத்தார். 1914-ல் ஒசாகாவின் துணை மேயராக வந்தார், 1923-ல் மேயரானார். நம் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரியான வாத்தியார் ஒருவர், பெரிய நகரம் ஒன்றின் கஜானாச் சாவியை வாங்கிக்கொண்டால் என்ன செய்வார் என்பதற்கு இவர்தான் உதாரணம்.

அன்றைய ஒசாகா ஆலைப்புகை சூழ்ந்த ஊர். 1925-ல் சுற்றுப்புறங்களை இணைத்தபோது ஜனத்தொகை இருபது லட்சத்தைத் தாண்டி, டோக்கியோ நகரத்தையே முந்திவிட்டது. தெருக்களோ அரண்மனைக் காலத்துச் சந்துகள். ஊரின் நடுவில் வடக்கு தெற்காக ஓடிய மிதோசுஜி என்கிற தெரு வெறும் 6 மீட்டர் அகலம். செகி அதை 44 மீட்டராக அகலப்படுத்தி 4 கிலோமீட்டர் நீட்டப் போகிறேன் என்றார். அதற்கு அடியிலேயே சுரங்க ரயில் என்றார். நகர நடுவில் விமானம் இறக்கப்போகிறாரா இந்த மேயர் என்று ஊரே கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள்.

இதில் காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போகட்டும் என்று அவர் விடவில்லை. தெரு அகலமானால், கீழே ரயில் வந்தால், பக்கத்து நிலத்தின் விலை ஏறும். ஏறுகிற லாபம் நிலச் சொந்தக்காரருக்கு, செலவு மட்டும் ஊருக்கா என்று கேட்டார். ஆகவே செலவில் ஒரு பகுதியை அந்த நிலச் சொந்தக்காரர்களிடமே வசூலிக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் சும்மா இருப்பார்களா? பலத்த எதிர்ப்பு. மனுஷன் பின்வாங்கவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க மெட்ரோ கட்டுகிறவர்கள் 'நில மதிப்பு உயர்வில் பங்கு' என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்களே, அதை ஒரு வணிகவியல் வாத்தியார் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்திருக்கிறார்.

சுரங்கம் தோண்டுகிற வேலை 1930-ல் ஆரம்பித்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். வேலையில்லாமல் அலைந்தவர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. தெருவைத் திறந்துபோட்டுத் தோண்டி, ரயில் பெட்டகத்தைக் கட்டி, மேலே மூடித் தெருவாக்கினார்கள். ரோடுக்கு ஒருமுறை, ரயிலுக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை தோண்டாமல் ஒன்றாகப் பார்த்துக்கொண்டது சிக்கனம்தான். ஆக, அவருக்குச் சிக்கனம் தெரியாமல் இல்லை. பிளாட்பார நீளத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ஏன்?

இதற்கு பதில் டோக்கியோவில் இருக்கிறது. ஜப்பானின் முதல் சுரங்க ரயில் அங்கேதான், 1927 டிசம்பர் 30-ல், உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே 2.2 கிலோமீட்டர் ஓடியது. அது தனியார் கம்பெனி. கம்பெனி என்றால் கைக்காசைப் பார்த்துத்தானே கட்ட முடியும்? ஒரு நிலையத்தைக் கட்ட டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ஒன்றிடம் பணம் வாங்கி, நிலையத்துக்கே அந்தக் கடையின் பெயரை வைத்தார்கள். மித்சுகோஷிமே, 1932. அதைத் தப்பென்று சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பிளாட்பாரம் சின்னது, சுரங்கமும் சின்னது. அந்த ஜின்சா லைனில் இன்றைக்கும் 16 மீட்டர் நீளமுள்ள குட்டிப் பெட்டிகள் ஆறுதான் ஓடுகின்றன. ஒசாகாவின் மிதோசுஜி லைனில் இன்றைக்கு ஓடுவது பத்துப் பெட்டி ரயில். ஒற்றைப் பெட்டி நின்ற அதே ஷின்சாய்பாஷியின் அதே வளைந்த கூரைக்குக் கீழேதான் அது வந்து நிற்கிறது. மண்ணுக்கு அடியில் கட்டிய பிறகு பெரிதாக்குவது எவ்வளவு சிரமம் என்பது வீட்டில் செப்டிக் டேங்க் கட்டினவர்களுக்கே தெரியும் :-)

ஆக, என் '10 சதவீதம்' அப்போதே பாதி அடிபட்டுவிட்டது. ஒரு வருஷக் கணக்கை வைத்து, தொண்ணூறு வருஷத்துக்கு மேல் உழைக்கிற சொத்துக்கு நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

இத்தோடு விட்டிருந்தால் 'டிமாண்டைச் சரியாகக் கணிக்கவில்லை' என்று ஒரு வரி திருத்தம் போட்டு மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். எதிர்காலத் தேவை என்பது எப்படியோ கணக்கில் அடங்குகிற விஷயம்தான். அடங்காத விஷயம் அடுத்து வருகிறது.

செகி 1935 ஜனவரியில் டைஃபாய்டு வந்து செத்துப்போனார், மேயராக இருக்கும்போதே. வயது 61. அவர் போய்ப் பத்து வருஷம் கழித்து, 1945 மார்ச் 13 நள்ளிரவில், அமெரிக்காவின் பி-29 விமானங்கள் 274 ஒசாகாவின் மேல் வந்தன. மரமும் காகிதமுமான வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற ஊர். போட்டது தீக்குண்டு. மூன்றரை மணி நேரம். செத்தவர்கள் சுமார் 4,000 பேர். ஊரின் நடுப்பகுதி, அதாவது ஷின்சாய்பாஷியைச் சுற்றியுள்ள பகுதி, பற்றி எரிந்தது.

லண்டனிலும் இப்படிக் குண்டு விழுந்தது. 1940-ல் அங்கேயும் சுரங்க நிலையங்களில் ஒதுங்கக் கூடாது என்றுதான் அரசாங்கம் முதலில் சொன்னது. ஜனங்கள் மலிவான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் வெளியே வர மறுத்தார்கள், அரசாங்கம் வழிக்கு வந்தது. ஜப்பானில் அப்படி நடக்க முடியாது. 1937-ல் வந்த வான்பாதுகாப்புச் சட்டத்தை 1941-ல் இன்னும் இறுக்கியிருந்தார்கள். குண்டு விழுந்தால் ஓடக் கூடாது, நின்று தீயை அணைக்க வேண்டும். மீறினால் அபராதம், சிறை. சுரங்க ரயில் நிலையம் என்பது ஒதுங்குகிற இடம் இல்லை. கடைசி ரயில் போனதும் கதவை அடைத்துவிடுவார்கள்.

அன்றிரவு ஷின்சாய்பாஷியில் கதவு திறந்தது.

பின்னாளில் உயிரோடு இருந்தவர்கள் சொன்னது இதுதான். மேலே தெரு தீயாய் இருந்தது. நிலையத்தின் வாசலில் கூட்டம். எப்படியோ கதவு திறந்தது. படியில் இறங்கினோம். கீழே சூடு இல்லை, புகை இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று நினைவு வைத்திருப்பவர்களும் உண்டு. கொஞ்ச நேரத்தில் ரயில் ஒன்று வந்தது. ஏறினோம். உமேதாவில் இறங்கி மேலே வந்தால் அங்கே தீ இல்லை. வேறு சிலர் எதிர்த்திசையில் தென்னோஜிக்குப் போனோம் என்கிறார்கள். நேரம் நள்ளிரவு தாண்டி, விடிவதற்குள்.

அந்த நேரத்தில் ரயிலே கிடையாது, நண்பர்களே. கால அட்டவணையில் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அது எந்த அதிகாரப்பூர்வப் பதிவேட்டிலும் இல்லை. யார் கதவைத் திறக்கச் சொன்னது, யார் ரயிலை எடுத்தது, எத்தனை பேர் ஏறினார்கள், ஒன்றுக்கும் காகிதம் கிடையாது. போர் முடிந்து ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட யாரும் பேசவில்லை. 1990களில் நாளிதழ்களில் ஒருவர் எழுத, "நானும் அதில் போனேன்" என்று அடுத்தவர் எழுத, இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தான் கண்டது கனவோ என்றுகூட நினைத்திருக்கலாம். பிறகு 2013-14-ல் என்.எச்.கே. தொலைக்காட்சியின் 'கோச்சிசோசான்' என்கிற காலை நேரத் தொடரில் இந்தச் சம்பவம் ஒரு காட்சியாக வந்ததும் ஜப்பான் முழுக்கத் தெரிந்துபோனது.

இப்போது ஆடிட்டராக உட்கார்ந்து யோசியுங்கள். சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் சொல்கிற நேரம் வேறு, இன்னொருவர் சொல்கிற நேரம் வேறு. ஊழியர்களை அழைத்துப்போக வந்த ரயில் என்கிறவர்கள் உண்டு, விடிகாலை முதல் ரயில்தான் என்கிறவர்களும் உண்டு. லாக் புக் இல்லை. சம்பளப் பதிவேட்டில் ஓவர்டைம் இல்லை. டிக்கெட் வசூல் பூஜ்யம். எந்த ஆடிட்டரும் இதைப் பாஸ் பண்ண மாட்டார்.

ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற மூன்றாவது கம்பியிலிருந்து 750 வோல்ட் மின்சாரம் எடுத்து ஓடுவது. கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் ஒரு அடி நகராது. அப்படியானால் எங்கோ ஒரு துணைமின் நிலையத்தில் யாரோ ஒருவர் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும், அல்லது அணைக்காமல் விட்டிருக்க வேண்டும். ஒருவர் ரயிலை ஓட்டியிருக்க வேண்டும். சிக்னல் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கதவைத் திறந்திருக்க வேண்டும். ஒரு ஆள் உணர்ச்சிவசப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை இது. சட்டம் வேண்டாம் என்று சொன்னதைப் பல பேர் சேர்ந்து, தலைக்கு மேல் ஊர் எரிகிறபோது, அமைதியாகச் செய்திருக்கிறார்கள். செய்துவிட்டு யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தார்களோ, மறுநாள் காலையில் வேறு வேலை இருந்ததோ, யார் கண்டது.

என் ஸ்லைடில் 'பிற சமூகப் பயன்: 0' என்று எழுதியிருந்தேனே, அந்த பூஜ்யத்துக்குள்தான் இத்தனை பேரும் இருந்திருக்கிறார்கள்.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பிளாட்பாரத்தை நீளமாகக் கட்டியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்று சினிமா வசனம் பேச வரவில்லை. செகி குண்டுவீச்சை நினைத்துக் கட்டவில்லை. நிலையம் எவ்வளவு பெரிதாக இருந்தும், அடைத்த கதவு திறக்காமல் இருந்திருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு பேர் வேண்டியிருந்தது. இன்றைய தேவைக்கு மேல் கொஞ்சம் தாராளமாகக் கட்டத் துணிந்த ஒருவர். அதைச் சரியான நேரத்தில் திறந்துவிட்ட இன்னொருவர். முதல் ஆளுக்கு நகானோஷிமாவில் சிலை இருக்கிறது. இரண்டாவது ஆளுக்குப் பெயர்கூட இல்லை. நம்முடைய லெட்ஜரில் இரண்டு பேருக்குமே கட்டம் இல்லை.

"அப்படியென்றால் எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டிவிடலாமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கூடாது என்பதற்கும் இதே ஒசாகாவில் உதாரணம் இருக்கிறது.

1995-ல் இதே நகராட்சி சம்பந்தப்பட்ட கம்பெனி ஒன்று, கடலை நிரப்பி உண்டாக்கிய தீவில் 256 மீட்டர் உயரத்துக்கு உலக வர்த்தக மையம் ஒன்றைக் கட்டியது. வர்த்தகம் வரவில்லை. கம்பெனி 2009-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. கட்டடத்தை 2010-ல் மாகாண அரசு வாங்கித் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. 2006-ல் திறந்த இமாசாதோசுஜி என்கிற சுரங்க ரயில் பாதை, ஆள் குறைவாக ஏறுகிற நஷ்டப் பாதையாகப் பெயர் எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதை திறந்தபோது மேயராக இருந்தவர் செகி ஜுன்இச்சி, நம்ம செகியின் பேரன்! தாத்தா பெரிதாகக் கட்டி ஜெயித்தார் என்பதால் பெரிதாகக் கட்டுவதெல்லாம் ஜெயிக்கும் என்றில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? நான் யோசித்தவரை இப்படித் தோன்றுகிறது. செகியின் ரயில் ஜனங்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடத்தில் போனது. உலக வர்த்தக மையம், ஜனங்கள் வருவார்கள் என்று சொல்லப்பட்ட இடத்தில் நின்றது. செகி தாராளமாகக் கட்டியது எல்லோரும் காசு கொடுத்து ஏறுகிற, எல்லோரும் நடக்கிற இடத்தை. அதற்கான பணத்தை லாபம் அடையப்போகிறவர்களிடம் முகத்துக்கு நேரே கேட்டார். கூடம் பெரிதாக இருப்பதும் பெருமைக்காகக் கோபுரம் கட்டுவதும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்கிற கண் 'பயன்பாடு 10 சதவீதம்' என்கிற ஒற்றை எண்ணுக்குக் கிடையாது. நஷ்டத்தில் போன பாதையிலும் அந்த எண் குறைவாகத்தான் இருக்கும், 1933-ல் ஷின்சாய்பாஷியிலும் குறைவாகத்தான் இருந்தது.

கதை 1945-ல் முடியவில்லை. 2018 ஏப்ரலில் ஒசாகாவின் சுரங்க ரயில் நகராட்சித் துறை என்பதிலிருந்து 'ஒசாகா மெட்ரோ' என்கிற கம்பெனியாக மாறியது (பங்குகள் நகராட்சியிடமேதான்). அந்த டிசம்பரில் கம்பெனி மிதோசுஜி நிலையங்களைப் புதுப்பிக்கிற படங்களை வெளியிட்டது. ஷின்சாய்பாஷிக்கு ஜவுளி மாதிரி கண்ணைப் பறிக்கிற அலங்காரம். ஊரில் பெரிய எதிர்ப்பு. அந்தக் கூரையையும் விளக்குகளையும் தொடாதே என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். 2019-ல் கம்பெனி வடிவமைப்பை மாற்றிக்கொண்டது.

கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. தொண்ணூறு வயசுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தான் வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த ஜனங்கள். ஒரு பிளாட்பாரக் கூரையின் மேல் ஊருக்கு இத்தனை பாத்தியதை வந்திருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? 'குட்வில்' என்று ஒரு ஹெட் இருக்கிறது, அதில்கூட யாராவது விலை கொடுத்து வாங்கினால்தான் நமக்கு என்ட்ரி போட அனுமதி.

நம்ம ஊருக்கு ஒரு வார்த்தை. சென்னை மெட்ரோவுக்குக் கடன் கொடுத்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் என்பதால் இது ஒன்றும் சம்பந்தமில்லாத பேச்சு இல்லை. 2015-ல் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோதும், 2017-ல் சுரங்க நிலையங்கள் திறந்தபோதும் "காலியா ஓடுது, வேஸ்ட்" என்று சொல்லாத ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நானும் சொன்னேன். ரயிலுக்கு நாலு பெட்டி, பிளாட்பாரம் ஆறு பெட்டிக்கு. மீதி இரண்டு பெட்டி நீளத்தைப் பார்த்து "யார் அப்பன் வீட்டுக் காசு?" என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. இப்போது காலை ஒன்பது மணிக்கு அதே ரயிலில் ஒற்றைக் காலில் நின்று கல்லூரிக்குப் போகும்போது அந்த இரண்டு பெட்டி நீளத்தைக் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. டெண்டரில் ஊழல் இருந்தால் கேளுங்கள், விலை கூடியிருந்தால் கேளுங்கள், வேலை இழுத்தடித்தால் கேளுங்கள். நம் படிப்பே அதற்குத்தான். நான் சொல்வது ஒரே ஒரு சின்ன விஷயம். தெரியாததற்குப் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்பது ஒரு விடை. 'தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்று அர்த்தம். நான் தேடவே இல்லை. தரவு கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டு, 'அளக்கவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் வகுப்பில் யாராவது "ஏன் அளக்கவில்லை?" என்று கேட்டிருப்பார்கள். பூஜ்யத்தைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அது முடிந்துபோன கணக்கு மாதிரி இருக்கிறது.

நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் வங்கியிலோ, அரசாங்க ஆபீசிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ 'ரிஜெக்ட்' எழுதப்போகிறோம். எழுத வேண்டிய இடத்தில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால், தீப்பிடித்த தெருவிலிருந்து ஒரு படிக்கட்டில் இறங்கி, அட்டவணையில் இல்லாத ரயிலில் ஏறிப் போனவர்களை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் டிக்கெட் இல்லை, ரசீது இல்லை. இருந்தாலும் போய்ச் சேர்ந்தார்கள்.

பி.கு: கடைசி பெஞ்ச் நண்பனுக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கதவைத் திறந்தவனுக்கு அப்புறம் என்னாச்சு?" என்றான். இவன் எப்போதும் இப்படித்தான். பதில் தெரியாத கேள்வியை மட்டும் கேட்பான். ஆனால் இந்த முறை நான் சிரிக்கவில்லை.